சாதகங்களை வென்ற சாதனையாளர்கள்

விமான நிறுவனம் நடத்தி நஷ்டப்படுவது பெரிய வித்தை இல்லை. எண்ணெய் விலை ஏறும், டாலர் ஏறும், அரசு வரியை ஏற்றும். முதலாளி கையை விரித்துவிட்டுப் போனால், பாவம் என்று ஊரே இரக்கப்படும். ஆனால் எண்ணெய் விலை பாதியாகி, பிறகு அதிலும் பாதியாகி, மாநில அரசு வரியையும் குறைத்து, தலைமையகம் இருக்கும் ஊரைத் தேடி ஒரு மாநிலத்தின் தலைநகரமே பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகும் கடையை மூடிக் காட்டுவது என்றால், அதற்குத் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமைக்கு இதுவரை யாரும் ஒரு பொன்னாடைகூடப் போர்த்தவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த வாழ்த்துரை.

விழா நாயகர் ஏர் கோஸ்டா. விஜயவாடாவின் லிங்கமனேனி குழுமம் தொடங்கிய நிறுவனம். குழுமத்தின் தொழில் ரியல் எஸ்டேட். மண்ணை விற்றுப் பழகியவர்கள் விண்ணை விற்க வந்தார்கள்; மண்ணாவது வாங்கியவர் பெயரில் பத்திரமாகும். 2013 அக்டோபரில் முதல் விமானம் கிளம்பியது. 2017 பிப்ரவரி 28 அன்று எல்லா விமானங்களும் நின்றன. எழுந்து, வளர்ந்து, விழுந்து முடிய மூன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. நம் நாட்டில் ஒரு மேம்பாலம் கட்டி முடிக்க இதைவிட அதிக நாள் ஆகிறது. வேகத்துக்கு முதல் வணக்கம்.

முதலில், அவர்கள் எத்தனை சாதகங்களை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அப்போதுதான் வெற்றியின் அளவு புரியும்.

முதல் சாதகம், விமானம். பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் தயாரித்த இ170. போயிங், ஏர்பஸ் போல மூன்று மூன்றாக அல்லாமல், நடைவழிக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று இருக்கைகள். நடு இருக்கை என்ற தண்டனையே கிடையாது. ஜன்னல் கிடைக்காவிட்டால் நடைவழி. முழங்கைக்காக அடுத்தவரோடு மௌன யுத்தம் நடத்த வேண்டியதில்லை. பயணிகளுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. பிடித்ததால்தானோ என்னவோ, அது நீடிக்கவில்லை.

இரண்டாவது சாதகம், அந்த விமானத்தின் எடை. 40,000 கிலோவுக்குக் குறைந்த விமானங்களுக்கு நிரப்பும் எரிபொருளின் மீதான விற்பனை வரி அன்றைய சட்டப்படி 4, 5 விழுக்காட்டைத் தாண்டாது. அதே விமான நிலையத்தில், அதே குழாயில் நிரப்பிக்கொள்ளும் பெரிய விமானத்துக்குத் தமிழ்நாட்டில் 29 விழுக்காடு. விமான நிறுவனத்தின் செலவில் பெரும்பங்கு எரிபொருள்தான் என்பதால், இது சலுகையே அல்ல, சீதனம். போதாததற்கு, 80 இருக்கைக்குக் குறைந்த உள்நாட்டு விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டணமும் கிடையாது. ஏர் கோஸ்டாவின் இ170இல் இருந்தவை 67 இருக்கைகள். கணக்குப் போட்டுத் தைத்த சட்டைபோல் எல்லாம் பொருந்தியது.

இந்தச் சீதனத்தை மற்றவர்களாக இருந்தால் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். ஏர் கோஸ்டா அப்படிப்பட்ட அற்பர் அல்லர். அடுத்ததாக 112 இருக்கை கொண்ட இ190ஐக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அது 40,000 கிலோ வரம்பையும் தாண்டியது, 80 இருக்கை வரம்பையும் தாண்டியது. அரசு மனமுவந்து கொடுத்த சலுகையை, இன்னும் நாற்பத்தைந்து பேரை ஏற்றும் ஆசையில், அரசுக்கே திருப்பிக் கொடுத்த பெருந்தன்மையை இந்திய வணிக வரலாற்றில் வேறெங்கும் தேடிப் பாருங்கள். கிடைப்பது அரிது.

மூன்றாவது சாதகம், எண்ணெய். 2014 நடுவில் பீப்பாய் 110 டாலரைத் தாண்டியிருந்த பிரெண்ட் கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. உலகத்தின் விமான முதலாளிகள் எல்லாரும் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைக்க வேண்டிய காலம். நான்காவது சாதகம், அரசியல். 2014 ஜூனில் ஆந்திரம் பிரிந்தது. ஹைதராபாத் தெலங்கானாவுக்குப் போக, புதிய தலைநகருக்கான இடமாக விஜயவாடாவுக்குப் பக்கத்திலேயே அமராவதி அறிவிக்கப்பட்டது. அமைச்சர்கள், அதிகாரிகள், ஒப்பந்தக்காரர்கள், மனுக் கொடுப்பவர்கள் எல்லாரும் இனி எந்த விமான நிலையத்துக்கு வருவார்கள்? விமான எரிபொருள் மீதான வரியையும் புதிய ஆந்திர அரசு ஒரு விழுக்காடாக இறக்கியது. இத்தனையும் ஒரே கூரையின் கீழ் அமைவது பூர்வ ஜென்ம புண்ணியம்.

இத்தனை புண்ணியத்தையும் மூன்றரை ஆண்டில் செலவழித்துத் தீர்ப்பது எப்படி? இங்கேதான் விழா நாயகரின் தொலைநோக்கைப் பாட வேண்டும்.

2014 பிப்ரவரி, சிங்கப்பூர் விமானக் கண்காட்சி. ஏர் கோஸ்டா பறக்கத் தொடங்கி நான்கு மாதம். கையிலிருந்த விமானங்களை எண்ண ஒரு கையின் விரல்கள் போதும். அவையும் குத்தகைக்கு எடுத்தவை. அந்த நிலையில் எம்ப்ரேயரின் அடுத்த தலைமுறை இ2 விமானங்கள் 50க்கு ஆர்டர் கொடுத்தார்கள். பட்டியல் விலை 294 கோடி டாலர். அன்றைய மாற்று விலையில் 18,000 கோடி ரூபாயைத் தொடும். அதற்கு மேலும் 50 வேண்டுமானால் வாங்கிக்கொள்ளும் உரிமையையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நாலு ஆட்டோவை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர் ஐம்பது சொகுசுப் பேருந்துக்குக் கையெழுத்துப் போட்டால் ஊர் சிரிக்கும். நாலு விமானக்காரர் போட்டால் கைதட்டுகிறது, கேமரா மின்னுகிறது, மறுநாள் வணிகப் பக்கத்தில் படம் வருகிறது.

அந்த இ2 வரிசையின் இ190-இ2 விமானம் கடைசியில் யார் கைக்கு முதலில் போனது தெரியுமா? 2018 ஏப்ரலில், நார்வேயைச் சேர்ந்த விடெரோ என்ற பிராந்திய நிறுவனத்துக்கு. அது 1934இல் தொடங்கியது, இன்னும் பறக்கிறது. பனியும் பாறையுமான சின்னச் சின்ன ஊர்களுக்கு, குட்டையான ஓடுதளங்களில் இறங்கும் சிறிய விமானங்களை ஓட்டியே காலத்தைத் தள்ளியிருக்கிறார்கள். இத்தனை ஆண்டு அனுபவம் உள்ள அவர்கள் உறுதியாக வாங்கியது எத்தனை? மூன்று. எண்பது ஆண்டு தொழில் செய்தும் துணிச்சல் வரவில்லை பாருங்கள். நம்மவர்களுக்கு நாலே மாதத்தில் வந்துவிட்டது.

சிறு நகரங்களை வானத்தோடு இணைப்போம் என்பதுதான் ஏர் கோஸ்டா ஊருக்குச் சொன்ன சேதி. இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை நகரங்கள் என்று அடிக்கடி சொன்னார்கள். சொன்ன சொல்லை மறக்காமல், விஜயவாடா, விசாகப்பட்டினத்தோடு சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், ஜெய்ப்பூர் போன்ற சிற்றூர்களுக்கும் பறந்தார்கள். நூறு விமானம் வைத்திருந்த இண்டிகோ நாள் முழுக்கப் போய்வந்த தடத்தில் நாலு விமானக்காரர் இறங்குவதற்கு நெஞ்சுரம் வேண்டும். பெரியவன் டிக்கெட் விலையை ஐந்நூறு ரூபாய் குறைத்தால் அவனுக்கு அது விளம்பரச் செலவு. சின்னவனுக்கு அது அந்த மாதக் குத்தகைப் பணம். தெரிந்தேதான் இறங்கினார்கள். வீரம் என்றால் அதுதானே.

குத்தகை என்றதும் அதன் இயல்பையும் சொல்லிவிட வேண்டும். விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதாமாதம் டாலரில் கட்ட வேண்டும். டிக்கெட் விற்பது ரூபாயில். விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு மணியும் கையைக் கடிக்கும்; அதனால்தான் பெரிய நிறுவனங்கள் ஒரு விமானத்தை விடியலில் கிளப்பினால் நள்ளிரவு வரை உட்கார விடுவதில்லை. நாலு விமானத்தில் ஒன்று பழுதாகி நின்றால் கால்வாசிச் சேவை அன்றே ரத்து. மாற்று விமானம் இல்லை, உபரி எஞ்சின் வைத்துக்கொள்ள வசதி இல்லை. நூறில் ஒன்று நின்றால் பயணிக்குத் தெரியக்கூட வராது. சிறியதாக இருப்பதன் ஆபத்து இது. சிறியதாக இருப்பதன் லாபமும் ஒன்று உண்டு: பெரியவன் போகாத ஊருக்குப் போவது. நம் நாயகர் ஆபத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு, லாபத்தைத் தியாகம் செய்தார்.

இறுதிக் காட்சியையும் ஒத்திகை இல்லாமல் மேடையேற்றவில்லை. 2016 ஆகஸ்டிலேயே, குத்தகைக்குக் கொடுத்தவர்களோடு வந்த தகராறில் விமானங்கள் ஒருமுறை தரையில் நின்றன. பிறகு மறுபடி பறந்தன. எச்சரிக்கை மணி அடித்தாயிற்று என்று கோழைகள் நினைத்திருப்பார்கள். நம்மவர்கள் முன்பதிவைத் தொடர்ந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் திரை நிஜமாகவே இறங்கியது. சம்பளம் நிலுவையில் இருக்கிறது என்று ஊழியர்கள் சொன்னது நாளிதழ்களில் வந்தது. அதுவும் ஒரு பெருமைதான்: கம்பெனியை நம்பிச் சம்பளம் வாங்காமலேயே சீருடை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்த விமானிகளையும் பணிப்பெண்களையும் பெறுவதற்கு எந்த நிர்வாகமும் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஒரு விமான நிறுவனம் நிற்கும் நாளில் விமான நிலையத்தைப் பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும். அறிவிப்புத் திரையில் முதலில் 'தாமதம்' என்று வரும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் 'தாமதம்'. பிறகு 'ரத்து'. கவுண்ட்டரில் நிற்பவர் வயதில் இளையவர். அவருக்கும் விஷயம் பயணிகளோடு சேர்ந்துதான் தெரிந்திருக்கும். அவர் கையில் ஒரு தாள், அதில் ஒரு தொலைபேசி எண். அந்த எண்ணுக்கு அடித்தால் எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் இருக்கின்றன என்று ஒரு குரல் இனிமையாகச் சொல்லும். மகளை வளைகாப்புக்கு அழைத்துவரப் போகிறவரும், நேர்முகத் தேர்வுக்குப் போகிற பையனும், கீமோதெரபிக்குப் போகிற அம்மாவும் அந்த ஆறெழுத்து முன்பதிவு எண்ணைக் காட்டிக் காட்டிக் கேட்பார்கள். எண் சரியாகத்தான் இருக்கும். விமானம்தான் இருக்காது. மூடிவிட்டோம் என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறோம் என்பார்கள். அவ்வளவு நல்ல மனசு. கடைசி நிமிடம் வரை யாரையும் வருத்தப்பட வைக்கக் கூடாது என்ற எண்ணம்.

இந்தப் புகழை ஏர் கோஸ்டா ஒருவருக்கே சூட்டுவது குருமார்களை அவமதிப்பதாகும். இது ஒரு பரம்பரை. மூத்தவர் அரசுக்குச் சொந்தமான வாயுதூத். 1981இல் வடகிழக்கு மாநிலங்களுக்காகப் பிறந்தவர். பிறகு கேட்ட ஊருக்கெல்லாம் இல்லை என்று சொல்லாமல் பறந்து, தஞ்சாவூர், நெய்வேலி வரைக்கும் டோர்னியர் விமானத்தைக் கொண்டுவந்து இறக்கி, 1997இல் முறைப்படி கண்மூடினார். சென்னையில் காற்றாலை விற்றுக்கொண்டிருந்த என்.இ.பி.சி. காற்றிலேயே பறந்தால் என்ன என்று 1990களில் விமானம் வாங்கியது. தமானியா என்ற இன்னொரு விமான நிறுவனத்தையும் 1995இல் விழுங்கியது. 1997இல் இரண்டும் செரிமானமாகிவிட்டன.

நேரடி குரு என்றால் அது பாரமவுண்ட் ஏர்வேஸ். சென்னையில் தலைமையகம், மதுரைப் பஞ்சாலைக் குடும்பத்து முதலீடு, 2005இல் தொடக்கம். இதே எம்ப்ரேயர் விமானங்கள், இதே சலுகைகள், அதிலும் எல்லா இருக்கையும் பிசினஸ் கிளாஸ். 2010இல் குத்தகைக்குக் கொடுத்தவர்களோடு வழக்கு, விமானங்கள் பறிபோய்ச் சேவை நின்றது. என்ன செய்தால் மூடலாம் என்பதற்குப் பாடப்புத்தகம் சென்னை விமான நிலையத்திலேயே திறந்து கிடந்தது. மூன்றே ஆண்டு கழித்து அதே சென்னைக்குப் பறக்க வந்த ஏர் கோஸ்டா, அந்தப் புத்தகத்தை ஒரு வரி விடாமல் படித்திருக்கிறது என்பது தேர்வு முடிவிலேயே தெரிகிறது.

சக மாணவர்களையும் விட்டுவிடக் கூடாது. பெங்களூரிலிருந்து 2015 ஏப்ரலில் கிளம்பிய ஏர் பெகாசஸ் 2016 ஜூலையில் நின்றது. கோயம்புத்தூரின் ஏர் கார்னிவல் அதே ஜூலையில் கிளம்பி, 2017இல் முடிந்தது. ஒருவர் போகும் நேரமாகப் பார்த்து இன்னொருவர் வந்தார். மேடை ஒரு நாளும் காலியாக இருக்கவில்லை. எண்ணெய் மலிந்து கிடந்த காலம் அது. அதைப் பயன்படுத்திக்கொண்டு மூன்று பேர் வரிசையாக மூடினார்கள்.

இப்படிப்பட்டவர்களை நம் சினிமா கவனிக்காமல் விடுமா? 2020இல் வந்த 'சூரரைப் போற்று' ஏர் டெக்கான் தொடங்கிய கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவியது. படத்தின் முடிவில், பணக்கார விமான முதலாளி இரண்டு நிறுவனங்களையும் இணைத்துவிடலாம் என்று கேட்கிறார். நாயகன் மாறா மறுத்துவிடுகிறார். தியேட்டருக்கு வராத கொரோனா காலப் படம், வீட்டிலேயே விசில் பறந்தது. நிஜத்தில் 2007இல் டெக்கானின் 26 விழுக்காட்டுப் பங்கு கிங்ஃபிஷர் முதலாளி மல்லையாவின் குழுமத்துக்குப் போனது. டெக்கான் கிங்ஃபிஷர் ரெட் ஆயிற்று. 2012இல் கிங்ஃபிஷரும் நின்றது. விமானக் கதையை எங்கே நிறுத்த வேண்டும் என்று இயக்குநருக்குத் தெரிந்திருக்கிறது. முதலாளிகளுக்குத்தான் தெரிவதில்லை.

அரசைப் பாராட்டாமல் எந்த வாழ்த்துரையும் முழுமை பெறாது. ஏர் கோஸ்டா நின்று ஏறக்குறைய ஒரு மாதத்தில், உடான் திட்டத்தின் முதல் சுற்றுத் தடங்களை மத்திய அரசு அறிவித்தது. சிற்றூர்களுக்குப் பறக்கும் நிறுவனங்களுக்கு மானியம், ஒரு மணி நேரப் பயணத்தில் பாதி இருக்கைகளுக்கு 2,500 ரூபாய்க் கட்டண வரம்பு, மூன்று ஆண்டுக்கு அந்தத் தடத்தில் போட்டியே கிடையாது. பிராந்திய விமான நிறுவனங்கள் வாழ வேண்டும் என்ற அக்கறை, அவை வரிசையாக மூடி முடித்த கையோடு வந்தது. அடுப்பு அணைந்ததும் அரிசி வந்து சேர்ந்தது என்று குறை சொல்பவர்கள் நன்றி கெட்டவர்கள்.

திட்டம் எப்படிப் பறந்தது என்பதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023இல் எழுதிவைத்திருக்கிறார். மூன்றாம் சுற்று வரை ஒதுக்கிய 774 தடங்களில் 403இல் சேவை தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை முழுதாகக் கடந்தவை 112. மானியம் நின்ற பிறகும் பறந்துகொண்டிருந்தவை 54. நூற்றுக்கு ஏழு. மற்ற தொண்ணூற்று மூன்றுக்கும் அறிவிப்பு உண்டு, வரைபடத்தில் கோடு உண்டு. சேலத்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்: 2018 மார்ச்சில் இந்தத் திட்டத்தில் ட்ரூஜெட் என்ற விமான நிறுவனம் வந்தது, மூன்றாண்டுச் சலுகைக் காலம் முடிந்த பின் போனது, 2023 அக்டோபரில்தான் விமான நிலையத்துக்கு மறுபடி விமானம் வந்தது. நடுவில் இரண்டு ஆண்டு அந்த ஓடுதளம் எந்த இடைஞ்சலும் இல்லாமல் ஓய்வெடுத்தது.

அரசின் கருணை விமானத்தைக் குத்தகைக்குக் கொடுப்பவர்கள் விஷயத்தில் இன்னும் உச்சம். நிறுவனம் குத்தகை பாக்கி வைத்தால், விமானத்தின் இந்தியப் பதிவை ஐந்து வேலை நாளுக்குள் நீக்கிக் கொடுக்க வேண்டும் என்று 2015இல் விதியைத் திருத்தினார்கள். 2025இல் இதற்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டமே நிறைவேற்றிவிட்டது. அயர்லாந்தில் உட்கார்ந்திருக்கும் குத்தகை நிறுவனம் தன் விமானத்தை ஐந்து நாளில் ஓட்டிக்கொண்டு போகலாம். பணத்தை முன்கூட்டியே கட்டிய சென்னைப் பயணியோ, கடன்காரர் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். வங்கிக்கு அடமானம் இருக்கிறது, எண்ணெய் நிறுவனத்துக்கு ரொக்கம், விமான நிலையத்துக்கு வைப்புத்தொகை. ஒரு பிடிமானமும் இல்லாமல் இந்த நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்த ஒரே தர்மவான் டிக்கெட் வாங்கியவர்தான். வட்டிகூடக் கேட்காதவர்.

சின்ன விமான நிறுவனம் இனி வரவே கூடாது என்று யாரும் சொல்ல மாட்டோம். வேலூருக்கும் நெய்வேலிக்கும் ஓடுதளம் காத்துக்கொண்டிருக்கிறது. நிச்சயம் யாராவது வருவார்கள். குத்துவிளக்கு ஏற்றுவார்கள், பூசணிக்காய் உடைப்பார்கள், வெளிநாட்டுக் கண்காட்சியில் ஐம்பதுக்கோ நூறுக்கோ கையெழுத்துப் போடுவார்கள். தாராளமாகச் செய்யட்டும். பயணம் முடியும் வரை டிக்கெட் பணத்தைத் தனிக் கணக்கில் வை, தொடாதே என்று ஒரு விதி கொண்டுவர அரசுக்கு எப்போது நேரம் கிடைக்கிறதோ, கிடைக்கட்டும். அதுவரை வரப்போகிறவர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம்: ஐயா, விமானத்தை என்றைக்கு வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளுங்கள், டிக்கெட் விற்பதை மட்டும் அதற்கு ஒரு நாள் முன்னால் நிறுத்திவிடுங்கள்.